காற்று வரும் வழியில் ஒரு சுற்றுலா

கோடை விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தால், உடனே ஊட்டி, கொடைக்கானல், மூணாறு என்று பெயர்கள் வரிசையாக வரும். வசதி உள்ளவர்கள் சுவிட்சர்லாந்து, நியூசிலாந்து என்றுகூடச் சொல்வார்கள். இவையெல்லாம் அழகான இடங்கள்தாம். ஆனால், ஓர் இடம் ஏன் அழகாக இருக்கிறது என்று எப்போதாவது எண்ணிப் பார்த்தது உண்டா? ஊட்டியில் ஏன் குளிர்கிறது? வால்பாறை ஏன் பச்சைப் பசேல் என்று இருக்கிறது? அதற்கு அருகிலேயே உள்ள நம் சமவெளி ஏன் வறண்டு கிடக்கிறது? இந்தக் கேள்விகளுடன் புறப்பட்டால் சுற்றுலாவின் சுவை இரட்டிப்பாகும்.

எங்கிருந்து புறப்படுவது? திருப்பூர் மாவட்டத்தில், கரூரிலிருந்து கோவை செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள வெள்ளகோவிலிலிருந்து புறப்படுவோம். விசைத்தறிகளும் எண்ணெய் ஆலைகளும் நிறைந்த ஊர் இது. "இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். பொறுங்கள். முதலில் ஆடி மாதத்தில் ஒரு நாள் ஊருக்கு வெளியே வந்து நில்லுங்கள். 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பது பழமொழி. கொடியில் காயும் துணி படபடக்கிறது. பனை ஓலைகள் எல்லாம் கிழக்கு நோக்கிச் சாய்கின்றன. அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? அது வரும் வழியிலேயே நாம் எதிர்த்துச் சென்று பார்ப்போம். அதுதான் நம் சுற்றுலா!

திறந்து கிடக்கும் கதவு

வெள்ளகோவிலிலிருந்து மேற்கே காங்கயம், பல்லடம், கோவை வழியாகச் சென்றால் மேற்குத் தொடர்ச்சி மலை எதிர்ப்படும். குஜராத் எல்லையை ஒட்டித் தொடங்கிக் கன்னியாகுமரி வரை, ஏறத்தாழ 1600 கிலோமீட்டர் நீளத்துக்கு அது ஒரு மதில் போல நிற்கிறது. அந்த மதிலில் ஒரே ஒரு பெரிய கதவு திறந்து கிடக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். இதன் அகலம் சுமார் 30 கிலோமீட்டர். வடபுறம் நீலகிரி மலைகள், தென்புறம் ஆனைமலைகள். நீலகிரியின் தொட்டபெட்டா 2637 மீட்டர் உயரம். தெற்கே ஆனைமுடி 2695 மீட்டர் உயரம். இவ்வளவு உயர்ந்த இரு மலைத்தொகுதிகளுக்கு நடுவே, கணவாயின் தரை கடல் மட்டத்திலிருந்து இருநூறு, முந்நூறு மீட்டருக்குள்ளேயே இருக்கிறது என்றால் வியப்பாக இல்லையா?

இதைப் பார்க்க மலை ஏற வேண்டியதில்லை. கோவையிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் ரயிலில் சன்னலோரம் இடம் பிடித்தால் போதும். வாளையாறு வரும்போது வலப்புறம் மலைச்சுவர் நெருங்கி வந்து நிற்கும். இடப்புறம் தொலைவில் ஆனைமலைகள் நீல நிறத்தில் தெரியும். இரண்டுக்கும் நடுவே, ஒரு சுரங்கத்தின் உதவிகூட இல்லாமல், ரயில் சமதரையில் ஓடிப் போய்விடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்று அரபிக் கடலிலிருந்து வந்து இந்த மதிலில் மோதுகிறது. வழி கிடைக்கும் இடத்தில் அது நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறது. தோட்டத்துக் குழாயில் தண்ணீர் வரும்போது அதன் வாயை விரலால் பாதி அடைத்துப் பாருங்கள். தண்ணீர் வேகமாகப் பீய்ச்சி அடிக்கிறது அல்லவா? குறுகிய வழியில் செல்லும்போது காற்றின் வேகமும் இப்படித்தான் கூடுகிறது. வெள்ளகோவில் இந்தக் கணவாய்க்கு ஏறத்தாழ நேர் கிழக்கே இருக்கிறது. ஆகவேதான் நமக்கு அந்த ஆடிக் காற்று!

கதவு திறந்திருக்கிறது, மழை எங்கே?

இங்கே ஒரு புதிர் உண்டு. காற்று கடலிலிருந்து வருகிறது. ஈரத்தைச் சுமந்து வருகிறது. கதவும் திறந்திருக்கிறது. அப்படியானால் கொங்குச் சமவெளியில் தென்மேற்குப் பருவத்தில் மழை கொட்ட வேண்டுமே! பாலக்காட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அங்கிருந்து 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோவையில் அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் பெய்கிறது. ஏன்?

விடை எளியது. காற்றில் ஈரம் இருந்தால் மட்டும் மழை வந்துவிடாது. அந்தக் காற்று மேலே ஏற வேண்டும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது, காற்று விரிவடைகிறது, விரிவடையும் காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் முன்போல் நீராவியைத் தாங்க முடியாது. அப்போதுதான் நீராவி துளிகளாக மாறி, மேகமாகி, மழையாகப் பெய்கிறது. மலையில் மோதும் காற்று வேறு வழியின்றி மேலே ஏறுகிறது, மழையைக் கொட்டுகிறது. கணவாயில் நுழையும் காற்றுக்கு ஏற வேண்டிய தேவையே இல்லை. அது ஈரத்தைச் சுமந்தபடியே நம் தலைக்கு மேல் ஓடிவிடுகிறது. மலையைத் தாண்டி மறுபுறம் இறங்கும் காற்றோ, இறங்கும்போது அழுத்தப்பட்டுச் சூடேறி, இன்னும் உலர்ந்துவிடுகிறது. மலையின் மறுபுறத்திலுள்ள இத்தகைய வறண்ட நிலத்தை 'மழை மறைவுப் பிரதேசம்' என்கிறோம். நமக்கு மழை வேண்டுமானால் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மழையைப் பார்க்க வால்பாறைக்கு

ஏறிச் செல்லும் காற்று என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? பொள்ளாச்சி வழியாக ஆழியாறு அணைக்குச் செல்லுங்கள். அங்கிருந்து வால்பாறைக்குச் செல்லும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதப்பட்டிருக்கும். கீழே முட்புதர், சற்று மேலே இலையுதிர் காடு, உச்சிக்கு அருகே எப்போதும் பசுமையான மழைக்காடும் தேயிலைத் தோட்டமும். சில மணி நேரப் பயணத்தில் பல காலநிலைகளைக் கடந்துவிடுகிறீர்கள்! வெள்ளகோவில் வட்டாரத்தில் ஆண்டு மழை 600 மில்லிமீட்டர் அளவுதான். வால்பாறைப் பகுதியிலோ 3000 மில்லிமீட்டருக்கும் மேல். அங்குள்ள சின்னக்கல்லாறு, தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று.

இதே காட்சியை உலகின் மறுகோடியிலும் காணலாம். நியூசிலாந்தின் தென் தீவில் மில்போர்டு சவுண்டு என்ற புகழ்பெற்ற கடற்கழி இருக்கிறது. செங்குத்தான பாறைகளிலிருந்து அருவிகள் நேரே கடல்நீரில் விழும் இடம் அது. அங்கே ஆண்டுக்கு 6000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. மலையைத் தாண்டிக் கிழக்கே சென்றால், மத்திய ஒட்டாகோ பகுதியில் சில இடங்களில் 400 மில்லிமீட்டர்கூட இல்லை. வால்பாறைக்கும் நம் ஊருக்கும் உள்ள உறவுதான் அங்கும்!

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். சரிவும் பெருமழையும் சேர்ந்தால் மண் இளகும். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் ஏற்பட்ட நிலச்சரிவில் 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைச்சரிவுக் காடுகளின் வேர்கள் மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. எங்கே காட்டை அழித்தார்கள், எங்கே சரிவை வெட்டிக் கட்டடம் கட்டினார்கள் என்று பார்ப்பதும் ஒரு சுற்றுலாப் பயணியின் வேலைதான். மழைக்காலத்தில் மலை ஆறுகளில் இறங்காதீர்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். ஆனால் மேலே பெய்த மழை நிமிடங்களில் கீழே வந்துவிடும்.

பற்களால் மலை ஏறும் ரயில்

இனிக் கணவாயின் வடகரைக்குப் போவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர் ஓடும் மலை ரயிலை நீங்கள் அறிவீர்கள். 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் உதகை வரையும் இந்தப் பாதை திறக்கப்பட்டது. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சாதாரண ரயில் சக்கரமும் தண்டவாளமும் வழவழப்பான இரும்பு. செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும். இந்தப் பாதையிலோ சில இடங்களில் 12 மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயர வேண்டும். என்ன செய்வது? சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் ஒரு வழி கண்டார். இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் கொண்ட சட்டங்களைப் பதித்தார். எஞ்சினின் அடியிலுள்ள பல்சக்கரம் அந்தப் பற்களில் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறுவது போல ஏறும். இறங்கும்போதும் அதே பற்கள் பிடித்து நிறுத்தும். இந்தியாவில் இத்தகைய பல்சட்ட ரயில்பாதை இது ஒன்றுதான். சுவிட்சர்லாந்துக்குப் போக முடியவில்லையே என்று ஏங்குகிறீர்களா? சுவிட்சர்லாந்தின் தொழில்நுட்பம் நம் கல்லாறு நிலையத்துக்கே வந்து காத்திருக்கிறது!

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். உதகை நம் ஊரைவிட ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்தில் உள்ளது. அப்படியானால் வெள்ளகோவிலில் 36 டிகிரி வெயில் காயும்போது உதகையில் எவ்வளவு இருக்கும்? ஏறக்குறைய 23 டிகிரி. மறுநாள் செய்தித்தாளில் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணவாய், இரண்டு பறவைகள்

பாலக்காட்டுக் கணவாய் காற்றுக்குக் கதவு. குளிர் மலையில் வாழும் உயிர்களுக்கோ அது ஓர் அகழி! உயர்ந்த மலைகளின் சோலைக்காட்டில் மட்டுமே வாழும் சிறு பறவை 30 கிலோமீட்டர் வெப்பச் சமவெளியைக் கடந்து போவது அரிது. இலட்சக்கணக்கான ஆண்டுகள் இப்படிப் பிரிந்திருந்தால் என்ன ஆகும்? ஒரே முன்னோரின் வழிவந்த பறவைகள் இரண்டு வெவ்வேறு இனங்களாகிவிடும்.

ஊட்டியில் நீங்கள் காண்பது நீலகிரிச் சிரிப்பான். கொடைக்கானலில் காண்பது பழனிச் சிரிப்பான். இரண்டும் நெருங்கிய உறவினர். ஆனால் தனித்தனி இனங்கள். யானைகளையும் ஆராய்ந்திருக்கிறார்கள். கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் உள்ள யானைகளுக்கும் தெற்கே ஆனைமலையில் உள்ளவற்றுக்கும் மரபணுக்களில் வேறுபாடு இருப்பது தெரிய வந்துள்ளது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இரண்டுக்கும் போய்வந்த பலர், 'இரண்டும் ஒன்றுதான்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இல்லை என்கிறது சிரிப்பான்!

இம்மலைகளின் புல்வெளிகளில் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கிறது. மூணாறு அருகிலுள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவில் 2006-லும் 2018-லும் மலைச்சரிவே நீலமாகியது. அடுத்த பெரும் பூப்பு 2030-ல். அப்போது உங்களுக்கு என்ன வயது இருக்கும்? இப்போதே குறித்து வையுங்கள்.

கணவாயின் கதை இன்னும் தொலைவுக்குப் போகிறது. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் தீவு இந்தியாவுடன் ஒட்டியிருந்தது. பிறகே பிரிந்து போயிற்று. மடகாஸ்கரின் தென்பகுதியில் ரானோட்சாரா என்ற நீண்ட தாழ்நிலம் இருக்கிறது. அதற்கும் பாலக்காட்டுக் கணவாய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்பது சில நிலவியலாளர்களின் கருத்து. அதைப் பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை. பாதிக் கதவு இங்கே, பாதிக் கதவு கடல் கடந்து எங்கோ!

உலகின் வேறு காற்றுக் கதவுகள்

பிரான்சு நாட்டில் ஆல்ப்ஸ் மலைக்கும் மத்திய மேட்டுநிலத்துக்கும் நடுவே ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு உள்ளது. அதன் வழியே 'மிஸ்ட்ரல்' என்ற குளிர்காற்று மத்தியதரைக் கடலை நோக்கிச் சீறிப் பாய்கிறது. உழவர்கள் தம் தோட்டங்களைக் காக்கச் சைப்ரஸ் மரங்களை வரிசையாக நட்டிருக்கிறார்கள். 1888-ல் அங்குள்ள ஆர்ல் நகருக்கு வந்த ஓவியர் வான்கோ, படச்சட்டத்தை நிறுத்த முடியாமல் இந்தக் காற்றோடு மல்லுக்கட்டினார்.

மெக்சிகோவில் தெவாந்தெபெக் பூசந்தி இன்னொரு கதவு. மலைகளின் இடைவெளி வழியே காற்று பசிபிக் கடலுக்குள் பாய்கிறது. அங்குள்ள ஓர் ஊருக்கே 'லா வென்டோசா' என்று பெயர். 'காற்றடிக்கும் ஊர்' என்று பொருள். இன்று அங்கே காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. நம் தாராபுரம், உடுமலை வட்டாரங்களைப் போலவே!

காற்றாலைகளைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். மூன்று மடங்கானால் 27 மடங்கு. அதனால்தான் வேகக் காற்று கிடைக்கும் கணவாய்களைத் தேடிப் போகிறார்கள். தமிழ்நாட்டில் பாலக்காட்டுக் கணவாயைப் போலவே, செங்கோட்டைக் கணவாயும் ஆரல்வாய்மொழிக் கணவாயும் காற்றாலைகளுக்குப் பெயர் பெற்றவை.

நம் மேட்டு நிலத்தில்

இப்போது வெள்ளகோவிலுக்கே திரும்புவோம். பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே!

முதலில் கொறங்காடு. முள்கிளுவை வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலம் இது. உள்ளே கொழுக்கட்டைப் புல். ஆங்காங்கே வெள்வேல மரம். குறைந்த மழையிலும் பசுமையைத் தக்கவைக்கும் இந்த ஏற்பாட்டை நம் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறார்கள். புகழ்பெற்ற காங்கயம் மாடுகள் மேய்வது இங்கேதான். வெள்வேலத்தின் நெற்று ஆடுமாடுகளுக்குத் தீனி; அவற்றின் சாணம் புல்லுக்கு உரம். குளிர்காலத்தில் ஐரோப்பாவின் கிழக்குப் பகுதியிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் சூறைக்குருவிகள் கூட்டம் கூட்டமாக நம் காடுமேடுகளுக்கு வருகின்றன. வெளிநாட்டுப் பயணிகள் நம் ஊரைத் தேடி வருகிறார்கள், நாம்தான் வரவேற்பதில்லை!

அடுத்து, காங்கயம் அருகிலுள்ள சிவன்மலை. இதன் பாறைகள் நிலவியலாளர்களுக்கு நன்கு அறிமுகமானவை. 1901-லேயே ஹாலண்டு என்ற நிலவியலாளர் இவற்றை ஆராய்ந்து எழுதினார். இங்கே குருந்தக்கல் கிடைக்கிறது. வைரத்துக்கு அடுத்தபடியாகக் கடினமான கனிமம் இது. மாணிக்கமும் நீலமும் இதன் வகைகளே. உலகம் முழுவதும் இதற்கு வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயர் நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து சென்றது.

பிறகு நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணல். 1985 முதல் பலமுறை நடந்த அகழாய்வுகளில் மணிகள் செய்த பட்டறைகளும், இரும்பை உருக்கிய உலைகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் கிடைத்தன. மேற்குக் கரையின் முசிறித் துறைமுகத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குச் சென்ற வணிகப் பாதையில் இந்த ஊர் இருந்தது. ரோமானியக் கப்பல்கள் எந்தக் காற்றைப் பிடித்து முசிறிக்கு வந்தன, தெரியுமா? அதே தென்மேற்குப் பருவக் காற்று! கப்பலைக் கொண்டுவந்த காற்றும், கப்பலில் வந்த பொருளும் ஒரே கதவு வழியாகத்தான் நம் ஊர்ப்பக்கம் வந்திருக்கின்றன.

திருப்பூர் அருகே நஞ்சராயன் குளமும் இருக்கிறது. பறவைகள் சரணாலயமான இந்தக் குளம், 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்து உலக அளவில் முக்கியத்துவம் பெற்றது.

ஓர் ஆறு கற்றுத் தரும் பாடம்

வெள்ளகோவிலுக்கு வடமேற்கே, நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992-ல் முடிந்தது. விரிந்த நீர்ப்பரப்பு, சுற்றிலும் பசுமை என்று அது ஒரு நல்ல சுற்றுலா இடமாகவே ஆகியிருக்கலாம். நடந்ததோ வேறு. திருப்பூரின் சாய, சலவை ஆலைகளிலிருந்து வெளியேறிய கழிவுநீர் அங்கே வந்து தேங்கியது. அந்த நீரைப் பாய்ச்ச முடியவில்லை, கிணறுகள் உப்பாயின, ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றத்தை நாடினர்.

பனியனுக்குச் சாயம் ஏற்ற உப்பு எதற்கு? நீரில் நனைந்த பருத்தி இழையின் மேற்பரப்பு எதிர் மின்னூட்டம் பெறுகிறது. சாயத் துகளும் எதிர் மின்னூட்டம் கொண்டதே. ஒன்றையொன்று விலக்கும். உப்பைக் கரைத்தால் அந்த விலக்கு விசை தணிந்து, சாயம் இழையை நெருங்கிப் பற்றுகிறது. வேலை முடிந்ததும் அத்தனை உப்பும் நீரிலேயே நின்றுவிடும். சாயத்தின் நிறத்தை நீக்கிவிடலாம். கரைந்த உப்பைப் பிரிப்பது எளிதல்ல. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை வெளியேற்றாத முறையை அமைக்காத சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. அதன்பின், சவ்வுகளின் வழியே நீரை அழுத்திச் சுத்திகரிப்பது, மீந்ததைக் கொதிக்க வைத்து உப்பை எடுப்பது, இரண்டையும் மீண்டும் பயன்படுத்துவது என்ற முறை பரவியது. தொழில் நிலைத்தது. ஆனால் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் ஏற்கெனவே இறங்கிவிட்ட உப்பு ஓர் உத்தரவால் வெளியேறிவிடுமா? ஓர் இடத்தைக் கெடுக்கச் சில ஆண்டுகள் போதும். சீராக்கத் தலைமுறைகள் வேண்டும்.

மலைவாழிடங்களிலும் இதே அபாயம் உண்டு. வாகன நெரிசலைக் கட்டுப்படுத்த 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை கொண்டுவரப்பட்டது. அழகைப் பார்க்கப் போகும் கூட்டமே அழகை அழித்துவிடக் கூடாது அல்லவா?

புறப்படுமுன்

இந்த விடுமுறையில் நீங்கள் எங்கே போனாலும் ஒரு குறிப்பேடும், ஒரு வெப்பமானியும், முடிந்தால் ஒரு காந்த ஊசிப் பெட்டியும் எடுத்துச் செல்லுங்கள். போகும் வழியில் ஒவ்வொரு மணிக்கும் வெப்பநிலையைக் குறியுங்கள். காற்று எத்திசையிலிருந்து வருகிறது, எந்த உயரத்தில் மரங்கள் மாறுகின்றன, ஆற்று நீர் என்ன நிறத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள்.

எங்கும் போக வாய்ப்பில்லையா? கவலை வேண்டாம். வெள்ளகோவிலுக்கு அருகே உத்தமபாளையத்தில் வட்டமலைக்கரை ஓடை அணை இருக்கிறது. பல ஆண்டுகள் நீரின்றி வறண்டு கிடந்த அணை அது. ஒரு மாலையில் பெரியவர்களுடன் அங்கே சென்று கரையில் நில்லுங்கள். எவ்வளவு நீர் இருக்கிறது, என்னென்ன பறவைகள் வந்திருக்கின்றன, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆடியிலும் கார்த்திகையிலும் மீண்டும் சென்று பாருங்கள். மூன்று குறிப்புகளையும் ஒப்பிட்டால், இரண்டு பருவக் காற்றுகளின் கதையும் உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். அதை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். வகுப்பு நண்பர்களையும் அடுத்த முறை உடன் அழைத்துச் செல்லுங்கள்.